குப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு: விழுப்புரம் காகிதக்கூழ் பொம்மை முதல் சுனாமிகா வரை



பழைய செய்தித்தாளில் பேனா ஸ்டாண்டு, உடைந்த வளையலில் வாசல் தோரணம், கல்யாணப் பத்திரிகையில் பரிசுக் கவர், தேங்காய்ச் சிரட்டையில் பூ ஜாடி... இதையெல்லாம் பார்த்தால் நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது என்ன? "லீவு நாளில் பொழுது போகாதவர்கள் செய்யும் வேலை" என்பதுதான். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகச் செய்ததோடு அதை மறந்தும் விடுகிறோம்.

ஆனால் இந்த வேலைக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு இடமும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு விழுப்புரம் என்றால் ரயில் ஜங்ஷன், திண்டிவனம் என்றால் பஸ் டீ குடிக்க நிற்கும் ஊர். அதற்கு மேல் நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

காகிதமே குப்பையில் பிறந்ததுதான்

முதலில் கொஞ்சம் பழைய கதை. காகிதத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பொது அறிவுப் புத்தகம் படித்த எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: சீனாவின் சாய் லுன், கி.பி. 105. ஆனால் அவர் எதை வைத்துக் காகிதம் செய்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை. மரப்பட்டை, சணல் துண்டுகள், கந்தல் துணி, பழைய மீன்வலை! அதாவது உலகை மாற்றிய இந்தப் பொருளே கழிவிலிருந்துதான் வந்தது. (சாய் லுனுக்கு முன்பே சீனாவில் காகிதம் இருந்தது என்று அகழாய்வுகள் காட்டுகின்றன. அந்த முறையை ஒழுங்குபடுத்தி அரசவைக்குக் கொண்டு சேர்த்தவர் அவர்.)

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வருவதற்கு முன் அங்கே காகிதம் கந்தல் துணியில்தான் செய்யப்பட்டது. தெருத்தெருவாகக் கந்தல் பொறுக்குபவர்கள் இல்லாமல் புத்தகங்களே இல்லை. 1800ஆம் ஆண்டு லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர், அச்சடித்த காகிதத்தின் மையை நீக்கி அதிலிருந்து மறுபடியும் காகிதம் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மறுசுழற்சி என்பது ஏதோ நம் காலத்துச் சுற்றுச்சூழல் கோஷம் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்தை ஊறவைத்து, கூழாக்கி, பசை சேர்த்துப் பொருள் செய்வதை பிரெஞ்சு மொழிச் சொல்லால் 'பேப்பியர் மாஷே' என்கிறார்கள். 'மென்ற காகிதம்' என்று பொருள். 1772-இல் பர்மிங்ஹாம் நகரத்து ஹென்றி கிளே காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் காயவைத்து, மரப்பலகை போல உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பலகையில் தாம்பாளம், மேஜை, ஏன், வண்டிகளின் பக்கப் பலகைகூடச் செய்தார்கள்.

நம் நாட்டில் இந்தக் கலைக்குப் பேர்போன இடம் காஷ்மீர். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் மத்திய ஆசியக் கைவினைஞர்களால் அங்கே இது வளர்ந்தது என்பது வரலாறு. ஜப்பானின் தருமா பொம்மையும் (நம் காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் போதிதர்மர்தான் அந்தத் தருமா!) காகிதக் கூழ்ப் பொம்மைதான். தட்டினால் தலையை ஆட்டும் நம் தஞ்சாவூர் பொம்மையிலும் காகிதக் கூழுக்குப் பங்கு உண்டு.

வெந்தயம் அரைத்த காகிதம்

இதெல்லாம் சுல்தான்களும் கம்பெனிகளும் செய்த வரலாறு. நம் வீட்டு வரலாற்றை யார் எழுதினார்கள்? யாரும் எழுதவில்லை. ஆனால் நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூங்கில் முறத்தின் இடுக்கில் தானியம் ஒழுகாமல் இருக்க, பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு சேர்த்து உரலில் அரைத்து முறம் முழுக்க மெழுகுவார்கள். வெந்தயம் எதற்கு? ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு பசையாகப் பிடிக்கும். அதன் கசப்பால் பூச்சி அண்டாது. ஒரே பொருளில் இரண்டு வேலை! அதே விழுதை ஒரு பானையையோ சட்டியையோ கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவிட்டு, பிறகு கழற்றி எடுத்தால் கூடை தயார். பஞ்சு போல லேசு, கீழே விழுந்தாலும் உடையாது. கலியாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும் தட்டு வரை இப்படிச் செய்தவர்கள் உண்டு.

துணிக்கும் இதே மரியாதைதான். பழைய புடவைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் குறைந்தது நான்கு பிறவி உண்டு. முதலில் புடவை, பிறகு தூளி, பிறகு தைத்த மெத்தை விரிப்பு, கடைசியில் கால்மிதி. அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் கைப்பிடித் துணி. பட்டுப்புடவையாக இருந்தால் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கத் தனி ஆளே தெருவில் வருவார். உடைந்த கண்ணாடி வளையல்களை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி வளைத்து, ஒன்றோடு ஒன்று கோத்துத் தொங்கவிட்ட வாசல் திரை ஒரு காலத்தில் எத்தனை வீடுகளில் கலகலத்தது!

இதை வெறும் சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது. கால்மிதியில்கூட நிறம் பார்த்து, வட்டம் பார்த்துப் பின்னினார்கள். தேவைக்காகச் செய்த பொருளிலும் அழகு வேண்டும் என்று நினைத்த மனசுதான் இந்தக் கலையின் அஸ்திவாரம்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் இது வந்தது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழில் வழியாகவே பாடம் சொல்லித்தர வேண்டும் என்றது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்ற பெயரில் அதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. நாம் கைவேலை வகுப்பில் ஐஸ் குச்சியில் வீடு கட்டியது அந்தத் திட்டங்களின் கடைசி மிச்சம் என்று சொல்லலாம்.

விழுப்புரத்து மென்ற காகிதம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1993-இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் பொம்மைகளின் நாடு. கடலூர் பக்கம் வண்டிப்பாளையமும் பண்ருட்டியும் மண் பொம்மைக்குப் பெயர் பெற்றவை. புதுச்சேரி பக்கம் வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும், நம் மாவட்டத்தை ஒட்டியே இருக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினைக்கும் பெயர் பெற்றவை. வில்லியனூர், திருக்கனூர் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. விழுப்புரம் சுடுமண், காகிதக்கூழ் இரண்டிலும் கை வைத்த ஊர். நகரை ஒட்டிய அய்யங்கோவில்பட்டு பகுதியில் காகிதக்கூழ் விநாயகர் சிலைகள் செய்கிறார்கள்.

செய்முறை கேட்க எளிது, செய்யக் கடினம். கழிவுக் காகிதத்தை நன்றாக ஊறவைத்து அரைக்க வேண்டும். அதோடு சுண்ணாம்புத் தூளும் மரவள்ளிக் கிழங்கு மாவில் காய்ச்சிய பசையும் சேர்ப்பார்கள். பூச்சியும் எலியும் தின்னாமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார்கள். எல்லாவற்றையும் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து தட்டி, அச்சுக்குள் அழுத்துவார்கள். பொம்மையின் முன்பக்கத்துக்கு ஒரு அச்சு, பின்பக்கத்துக்கு ஒரு அச்சு. இரண்டும் காய்ந்தபின் எடுத்து ஒட்டி, இணைப்பைக் கூழால் மூடி, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, மறுபடி தேய்த்து, அதன்பிறகுதான் வண்ணம். கண் எழுதுவது கடைசி வேலை. கண் சரியாக விழவில்லை என்றால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்.

மண் பொம்மையை விட இதில் என்ன லாபம்? எடை. உள்ளே கூடு என்பதால் மூன்றடிப் பொம்மையை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். கைதவறி விழுந்தாலும் மண் பொம்மை போல நொறுங்காது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். வெயில் போதும். நம் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்!

ஆனால் அந்த வெயிலே இந்தத் தொழிலின் பலவீனமும்கூட. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கார்த்திகை என்று விற்பனைக் காலம் முழுவதும் ஆவணி முதல் கார்த்திகை வரை. வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான். கூழ் காயாது, காய்ந்ததும் பூஞ்சை பிடிக்கும். அதனால் கோடையிலேயே செய்து அடுக்கிவிட வேண்டும். அதாவது கோடையில் போட்ட பணம் புரட்டாசியில்தான் திரும்பும். நடுவில் ஆகும் செலவுக்குக் கடன், கடனுக்கு வட்டி. வணிகவியல் படிப்பவர்கள் இதை 'நடைமுறை மூலதனப் பிரச்சனை' என்று ஒரு வரியில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவோம். அச்சு பிடிக்கும் வீட்டில் அதுதான் ஆறு மாத வாழ்க்கை.

1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் (நமக்குத் தெரிந்த பெயர் பூம்புகார்) ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது. இதுபோன்ற சந்தை இருப்பதால்தான் சென்னை மாம்பலத்து வீட்டுக் கொலுப்படியில் நம் ஊர்ப் பக்கத்துப் பொம்மை உட்கார்ந்திருக்கிறது.

புளியங்காட்டுப் பசை

திண்டிவனத்தை விட்டுவிட்டால் எப்படி? திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. அந்த ஊர்ச் சிவன் பெயரும் திந்திரிணீஸ்வரர்தான்.

புளிக்கும் கைவேலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? புளியங்கொட்டை! புளியை எடுத்துவிட்டு நாம் தூக்கிப் போடும் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் அருமையான பசை. ஒடிசாவின் பட்டசித்திர ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இந்தப் பசையால் ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் அதே பசையும் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி அதன்மேல்தான் ஓவியம் எழுதுகிறார்கள். தூக்கிப் போட வேண்டிய துணி, தூக்கிப் போட வேண்டிய கொட்டை, இரண்டும் சேர்ந்து ஜெகந்நாதர் படமாகிறது. ஃபெவிகால் வருவதற்கு முன் நம் நாட்டுக் கலைகளைத் தாங்கிப் பிடித்ததில் புளியங்கொட்டைக்கும் பங்கு உண்டு.

கணக்குப்பிள்ளையாக வந்த காந்தியவாதி

இந்த வரலாற்றில் வணிகவியல் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் கொலம்பியாவில் பொது நிதியியலும் படித்தவர். கோட்டு சூட்டு போட்ட ஆடிட்டராகச் சம்பாதித்திருக்க வேண்டியவர், காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தச் சங்கம் மீட்டெடுக்க முயன்ற தொழில்களில் ஒன்று கைக்காகிதம். மூலப்பொருள் கந்தலும் பழைய காகிதமும்தான்.

1945-இல் வெளிவந்த 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற நூலை அவர் சிறையில் இருந்தபோது எழுதினார். அதில் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். பிறரைச் சுரண்டி வாழும் ஒட்டுண்ணி வகை, பறித்து வாழும் கொள்ளை வகை, உழைத்து வாழும் முயற்சி வகை, தேனீக்கள் போலக் கூட்டுக்காக உழைக்கும் வகை, எல்லாவற்றுக்கும் மேலாக, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை போன்ற சேவை வகை. படிக்கும்போது "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று தோன்றலாம். நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

அவர் 1960-இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1959-இல், நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் அந்தக் காகிதம் வாழ்த்து அட்டையாகவும் பரிசுப் பையாகவும் உலகெங்கும் போகிறது. பூ இதழ் பதித்த அந்த வாழ்த்து அட்டையை வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது ஒரு காலத்தில் யாருடைய பனியனாகவோ இருந்திருக்கலாம் என்று!

அலைக்குப் பின்: சுனாமிகா

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம், கடலூர் பற்றியே அதிகம் பேசப்பட்டது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. அப்போது திண்டிவனம் வட்டத்தில் இருந்த மரக்காணம் பகுதியிலிருந்து வானூர் வட்டத்துக் கோட்டக்குப்பம் வரை நீளும் மீனவக் குப்பங்கள் அலையின் அடியைத் தாங்கின. வலை போனது, படகு போனது, வீடு போனது. எல்லாவற்றுக்கும் மேல் கடலின் மேல் இருந்த நம்பிக்கை போனது.

நிவாரணம் வந்தது. அரிசி, பாத்திரம், துணி எல்லாம் வந்தன. ஆனால் நாள் முழுவதும் நிவாரண முகாமில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நினைவுதான் பெரிய எதிரி. நம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லில் 1997 முதல் இயங்கிய 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் (அதை நிறுவியவர் உமா பிரஜாபதி) 2005-இல் ஒரு வேலையைத் தொடங்கியது. ஆடை தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியைக் கொண்டு மீனவப் பெண்களுக்குச் சின்னஞ்சிறு பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். துணித் தலை, நூல் முடி, வண்ணத்துணிப் பாவாடை. பெயர் சுனாமிகா. கடலிலிருந்து வந்த பெண்.

கை வேலை செய்யத் தொடங்கியதும் வாய் பேசத் தொடங்கியது என்பதுதான் இதன் முதல் பயன். வட்டமாக உட்கார்ந்து தைக்கும்போது அழுகையும் வந்திருக்கும், சிரிப்பும் வந்திருக்கும். பயமுறுத்திய சொல்லையே ஒரு குழந்தைக்குப் பெயராக வைத்ததைக் கவனியுங்கள். நம் கிராமங்களில் அச்சம் தரும் நோய்க்கே 'அம்மா' என்று பெயர் வைத்த மரபின் தொடர்ச்சியாகத்தான் எனக்கு அது தோன்றுகிறது.

இரண்டாவது விஷயம்தான் வணிகவியல் மாணவனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சுனாமிகா விற்பனைக்கு இல்லை! அவளுக்கு விலையே கிடையாது. பரிசாக மட்டுமே கொடுக்கப்படுவாள். வாங்கிக்கொண்டவர்கள் விரும்பினால், விரும்பியதைக் கொடுக்கலாம். அப்படி வந்த பணத்திலிருந்து பொம்மை செய்த பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. "இது எத்தனை நாள் ஓடும்?" என்றுதான் எந்த வியாபாரியும் கேட்பார். ஆனால் நூற்றுக்கணக்கான பெண்கள் பயிற்சி பெற்றார்கள். பத்து லட்சத்தையும் தாண்டிப் பொம்மைகள் செய்யப்பட்டு, சுமார் 80 நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவள் கதை புத்தகமாகிப் பல மொழிகளில் வந்தது. குமரப்பா எழுதிய ஐந்தாவது வகை இதுதானே?

அதே காலத்தில், அதே ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு முயற்சியும் பிறந்தது: 'வெல் பேப்பர்'. பழைய செய்தித்தாளைக் கீற்றாக வெட்டி, இறுக்கமாக மடித்து, சுருட்டி, ஒட்டி, கிண்ணம், கூடை, தட்டு, மணிமாலை, கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று செய்கிறார்கள். செய்பவர்கள் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். சுனாமிகாவுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. இது விற்பனைக்கு. ஒன்று காயத்தை ஆற்ற வந்தது, இன்னொன்று அடுப்பு எரிய வந்தது. இரண்டும் வேண்டும்தான்.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அதற்குள் தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தன. 'குழுவாகச் சேர்ந்து சம்பாதிப்பது' என்பது நம் கிராமத்துப் பெண்களுக்கு அப்போதே பழகிய விஷயம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளையார் கொண்டுவந்த திருப்பம்

காகிதக்கூழுக்கு நம் காலத்தில் கிடைத்த பெரிய வாய்ப்பு பிள்ளையாரால் வந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் சிலை கரைப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2020 மே மாதத்தில் அவற்றைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை என்றது. 2023 செப்டம்பரில் இந்த விவகாரம் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அங்கே தனி நீதிபதி விற்பனைக்கு அனுமதி கொடுத்தார், மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. களிமண்ணுக்கும் கூழுக்கும் மவுசு கூடியது இப்படித்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காகிதம் என்பதாலேயே எல்லாம் சுத்தம் ஆகிவிடாது. கூழுக்கு மேல் எனாமல் பெயிண்டும் ஜிகினாவும் அடித்தால் குளத்துக்குப் போவது அதே விஷம்தான். வீட்டு அலங்காரத்துக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக் பாட்டிலில் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் ஜிகினாத் தூள் தூவி, சூடான பசை ஊற்றி 'மறுசுழற்சி' என்று பெயர் வைக்கிறோம். தனித்தனியாக இருந்தபோது பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரராவது எடுத்திருப்பார். ஒட்டியபின் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு குப்பையை மூன்று குப்பையாக்கிச் சுவரில் மாட்டியதுதான் மிச்சம்! வெந்தயமும் காகிதமும் கலந்த பாட்டியின் கூடை, ஆயுள் முடிந்தபின் எருக்குழியில் மண்ணாகும். அந்தக் காலத்து முறைகளில் நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

ஒரு கூடையின் கணக்கு

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. செய்தித்தாள் கூடை ஒன்றுக்குக் காகிதம், பசை, வார்னிஷ் எல்லாம் சேர்த்து 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் நாளெல்லாம் உட்கார்ந்தால் 3 கூடை. 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியாவது அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றால் ஒரு கூடைக்குக் கூலி மட்டும் சுமார் 106 ரூபாய். ஆக அடக்க விலை 126 ரூபாய். கடை வாடகை, போக்குவரத்து எல்லாம் இதற்கு மேல்.

நாம் என்ன செய்கிறோம்? "பழைய பேப்பர்தானே, எண்பது ரூபாய்க்குக் கொடும்மா" என்கிறோம். எண்பதில் பொருள் செலவு 20 போனால் மிச்சம் 60. மூன்று கூடைக்கு 180 ரூபாய். பேப்பர் கடைக்காரரோ பசைக்காரரோ ஒரு பைசா குறைக்கப் போவதில்லை. நாம் குறைத்தது முழுவதும் அந்தப் பெண்ணின் கூலியில்தான் விழுகிறது. தங்க நகையில் பொருள்தான் பெரும் பங்கு, செய்கூலி கொஞ்சம். குப்பையில் செய்த பொருளில் அது தலைகீழ். பொருள் கொஞ்சம், மீதி எல்லாமே கை. ஆகவே இங்கே பேரம் பேசுவது என்றால் கூலியைப் பேரம் பேசுவதுதான்.

சாய் லுன் காலத்துக் கந்தல் பொறுக்கியவர் பெயர் நமக்குத் தெரியாது. காஷ்மீர்ச் சுல்தானின் பெயர் தெரியும், கூழ் அரைத்தவர் பெயர் தெரியாது. முறம் மெழுகிய பாட்டிகளின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தக் கலையின் வரலாறு முழுக்கப் பொருளின் விலை தெரிந்த அளவுக்குக் கையின் விலை தெரியாமலே நடந்திருக்கிறது. இதில் நம் தலைமுறை செய்யக்கூடிய மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த நவராத்திரிக்கு ஒரு பொம்மை வாங்கும்போது, அதில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டு விலை பேசுங்கள். நண்பனின் பிறந்த நாளுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுங்கள். பழைய செய்தித்தாளில் ஒரு கிண்ணம் செய்து பார்த்தால் தெரியும், முதல் கிண்ணம் முடிவதற்குள் முதுகு எப்படி வலிக்கிறது என்று. அதன்பிறகு எண்பது ரூபாய்க்குக் கேட்க வாய் வராது!

அடுத்த கட்டுரையில் மரக்காணம் உப்பளங்களைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.